கல்லூரி ஃபுட்பாலில் கூட்டணித் தாவல்: ஒரு தாளில் புரிந்துகொள்வது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) எனக்கு முதலில் தலை சுற்றியது ஆட்ட விதிகளால் அல்ல, கணக்கால். 2012 சீசன் பட்டியலை எடுத்து 'பிக் டென்' என்ற கூட்டணியில் எத்தனை அணி என்று எண்ணினேன். 12. சரி, இன்னொரு கூட்டணியான 'பிக் 12'ஐ எண்ணுவோம் என்று பார்த்தால் அங்கே 10. அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழை எதுவும் இல்லை. ஆள் மாறிவிட்டார்கள், பெயர்ப்பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை. இன்றைக்கு பிக் டென்னில் 18 அணிகள்.

தேர்தல் நேரத்துக் கூட்டணித் தாவல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. ஒரு தாள், ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: கான்ஃபரன்ஸ் என்றால் என்ன என்று பிடித்துக்கொள்ளுங்கள்

பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டணிதான் கான்ஃபரன்ஸ். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள், முடிவில் ஒரு சாம்பியன் வரும். ஒரு காலத்தில் இது அக்கம்பக்கத்து விவகாரம். பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரும் தூரத்தில் இருக்கிற அணிகள் ஒன்றாக இருந்தன. பிக் டென் 1896லேயே தொடங்கிவிட்டது.

இதை மாற்றியது ஒரு கோர்ட் தீர்ப்பு. எந்த ஆட்டம் டிவியில் வர வேண்டும், ஒரு அணி எத்தனை தடவை வரலாம் என்பதையெல்லாம் அதுவரை என்சிஏஏ என்ற தலைமை அமைப்பே முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் என்சிஏஏவின் பிடியை உடைத்தது. அப்புறம் மெதுமெதுவாக ஒளிபரப்பு உரிமையை விற்கும் வேலை கான்ஃபரன்ஸ்களின் கைக்கு வந்தது. ஆக, கான்ஃபரன்ஸ் இன்றைக்கு முதலில் ஒரு விற்பனைக் கூட்டுறவு, பிறகுதான் போட்டித் தொடர். இதை மட்டும் மறக்காதீர்கள்.

படி 2: நெடுக்குவாக்கில் நாலு பத்தி போடுங்கள்

பெயர், அணிகள், டிவி, ஒப்பந்தம் முடியும் ஆண்டு. எல்லோரும் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு குழம்புகிறார்கள். நீங்கள் வரைபடத்தை மூடிவையுங்கள். கடைசிப் பத்திதான் முக்கியம்.

பிக் டென்: 18 அணிகள். ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி. 2030.
எஸ்இசி (தென்கிழக்குக் கான்ஃபரன்ஸ்): 16 அணிகள். இஎஸ்பிஎன். 2034.
பிக் 12: 16 அணிகள். இஎஸ்பிஎன், ஃபாக்ஸ். 2031.
ஏசிசி: 17 அணிகள். இஎஸ்பிஎன். 2036.

ஐந்தாவது வரியில் 'பேக்-12' என்று எழுதி, மற்றதைக் காலியாக விடுங்கள். நாலாம் படியில் அதற்கு வேலை இருக்கிறது. புகழ்பெற்ற நோட்ரே டேம் பல்கலைக்கழகம் எங்கே என்று சிலர் கேட்பீர்கள். ஃபுட்பாலில் அவர்கள் சுயேச்சை. 1991லிருந்து என்பிசியோடு தனி ஒப்பந்தம். தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

படி 3: பத்திரம் யாரிடம் என்று பாருங்கள்

'கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். ஒரு பல்கலைக்கழகம் தன் மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டு வரை கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிடுவதுதான் இது. வீட்டைக் காலி செய்துகொண்டு போகலாம், பத்திரம் மட்டும் அவர்களிடமே இருக்கும். டிவி உரிமை இல்லாமல் வருகிற அணியை எந்தக் கூட்டணி சேர்த்துக்கொள்ளும்?

அதனால்தான் தாவல்கள் ஒப்பந்தம் முடியும் தேதியை ஒட்டியே நடக்கின்றன. டெக்ஸஸ், ஓக்லஹோமா இரண்டும் எஸ்இசிக்குப் போவதாக 2021 ஜூலையில் முடிவாயிற்று. பிக் 12 ஒப்பந்தம் 2025 வரை இருந்தது. ஒரே ஒரு வருடம் முன்னால் கிளம்புவதற்கு இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலரை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. அந்த ஒரு வருடத்தின் விலையைப் பார்த்தாலே எஸ்இசியில் என்ன காத்திருந்தது என்று புரியும்.

படி 4: ஒரு வீழ்ச்சியைத் தேதி தேதியாக எழுதிப் பழகுங்கள்

பேக்-12ஐ எடுத்துக்கொள்வோம். 1915லிருந்து தொடரும் மேற்குக் கடற்கரைப் பாரம்பரியம். கலிஃபோர்னியாவிலிருந்து வாஷிங்டன் மாநிலம் வரை பெரிய பெயர்கள். அதன் டிவி ஒப்பந்தம் முடிய வேண்டிய ஆண்டு 2024. அதற்கு முன் நடந்ததைத் தாளில் வரிசையாக எழுதுங்கள்.

2021 ஆகஸ்ட்: டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் கிளம்பியதால் பிக் 12 ஆடிப்போயிருந்த நேரம். அங்கிருந்து ஆள் எடுக்க அருமையான வாய்ப்பு. இப்போதைக்கு விரிவாக்கம் இல்லை என்றது பேக்-12. என்னைக் கேட்டால் கதை முடிந்தது இந்த இடத்தில்தான். கண்ணுக்குத் தெரிய மட்டும் இரண்டு வருடம் பிடித்தது.

2022 ஜூன் 30: லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சி, யுசிஎல்ஏ இரண்டும் பிக் டென்னுக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் போனால் அந்த ஊர் டிவி சந்தையும் கூடவே போகும். அடுத்து பிக் டென் கையெழுத்திட்ட ஏழு வருட ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன.

2022 அக்டோபர்: பிக் 12 முந்திக்கொண்டு இஎஸ்பிஎன், ஃபாக்ஸோடு புதுப்பித்துக்கொண்டது. பேக்-12க்குப் பேரம் பேச மிஞ்சிய கடைகள் குறைந்துபோயின.

2023 ஜூலை 27: கொலராடோ பிக் 12க்குத் திரும்பியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பேக்-12 தலைமை உறுப்பினர்கள் முன் வைத்தது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் திட்டம். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்து வருமானம் கூடும். மாதச் சம்பளம் வாங்கிப் பழகியவனிடம் கமிஷனில் வேலை பார் என்று சொன்ன மாதிரி.

2023 ஆகஸ்ட் 4: ஒரேகான், வாஷிங்டன் பிக் டென்னுக்கு, அதுவும் டிவி பணத்தில் முழுப் பங்கு இல்லாமல். அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12க்கு. ஒரே நாளில் ஐந்து பேர்.

2023 செப்டம்பர் 1: ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஏசிசிக்கு. ஏசிசி என்பதன் விரிவு 'அட்லான்டிக் கடற்கரைக் கான்ஃபரன்ஸ்'. பசிபிக் கரையில் இருக்கிற இரண்டு பேர் அட்லான்டிக் சங்கத்தில் உறுப்பினர்! கூடவே சேர்ந்த டல்லஸ் நகரத்து எஸ்எம்யூ, ஒன்பது வருடம் டிவி பணத்தில் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டே உள்ளே வந்தது.

இப்போது கழித்துப் பாருங்கள். 12லிருந்து 10 போக 2. மிஞ்சியவை ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். பெயரை விடாமல் வைத்திருந்த இந்த இரண்டும் பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் போன்றவர்களை அழைத்து, 2026 சீசனுக்கு எட்டு ஃபுட்பால் அணிகளோடு கூட்டணியைத் திரும்பக் கட்டின. ஐந்தாவது வரியில் 8 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஃபுட்பால் அணி வாரம் ஒரு ஆட்டம் ஆடுகிறது, சமாளித்துவிடும். வாலிபால், சாஃப்ட்பால் ஆடுகிற பிள்ளைகள் மூன்று மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்கு வாரநடுவில் பறந்து போய் ஆடிவிட்டு மறுநாள் வகுப்பில் உட்கார வேண்டும். ஒப்பந்தத்தில் விலை பேசப்பட்டது ஃபுட்பாலுக்கு, அலைச்சல் எல்லோருக்கும்.

படி 5: அடுத்த வதந்தியைத் தாளில் வைத்துப் பாருங்கள்

"ஃப்ளோரிடா ஸ்டேட் ஏசிசியை விட்டுப் போகப்போகிறது" என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர்களுக்குக் காரணம் இருக்கிறதா? இருக்கிறது. 2023ல் 13 ஆட்டத்திலும் ஜெயித்தும், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நாலு அணி பிளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே ஏசிசி மீது வழக்குப் போட்டார்கள். அடுத்த மார்ச்சில் இன்னொரு ஏசிசி அணியான கிளெம்சனும் போட்டது.

வெளியேற என்ன விலை? 2025 மார்ச்சில் வழக்குகள் சமரசமாயின. அதன்படி வெளியேறும் கட்டணம் வருடா வருடம் குறைந்து, 2030-31ல் 7.5 கோடி டாலருக்கு வரும். கட்டிவிட்டால் டிவி உரிமையையும் கையோடு எடுத்துப் போகலாம். ஏசிசி வரியில் 2036ஐ அடிக்க வேண்டாம், பக்கத்தில் 2031 என்று சின்னதாக எழுதுங்கள்.

வாங்குகிறவர் யார், அவர் கையில் எப்போது பணம் வரும்? கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். பிக் டென் 2030. பிக் 12 2031. நாளைக்கே தாவல் என்று எவராவது சொன்னால் அந்த எண்களைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். 2029 வாக்கில் அதே பேச்சு வந்தால் மட்டும் தாளை வெளியே எடுங்கள். அணிகள் பத்தியை அழித்து எழுத வேண்டிவரும். பென்சில் எடுக்கச் சொன்னது அதற்குத்தான்.