அம்மாவின் டிஎஸ்எச் இறங்காத காரணம்

தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் மாத்திரையை 75-லிருந்து 100 மைக்ரோகிராம் ஆக்கியும் அம்மாவுக்கு டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 14-லேயே நின்றது, அசதியும் மலச்சிக்கலும் அப்படியே. லேப் மாற்றினோம், புது பாட்டில் வாங்கினோம், பலனில்லை. வழக்கமாக அப்பா நிரப்பும் மாத்திரை டப்பாவை ஒருநாள் நான் நிரப்பப் போனபோதுதான் கண்ணில் பட்டது: 'காலை' அறையில் அந்தக் குட்டி தைராக்சின் மாத்திரையோடு, எலும்புத் தேய்மானத்துக்கு வேறொரு டாக்டர் எழுதிய பெரிய கால்சியம் மாத்திரை. கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சரி என்று டாக்டரிடம் கேட்டு, கால்சியத்தை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளினேன்; காலை 6 மணிக்கு தைராக்சின், தண்ணீரோடு மட்டும், காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான். இனி மருந்து முழுசாக ஏறும், படபடப்பு வருகிறதா பாருங்கள் என்றார், அதனால் தினமும் நாடி பார்த்தேன். 6 வாரம் கழித்து எடுத்ததில் 3.8. அப்பாடா.