ஸ்பிதியில் உதிர்ந்து கிடந்த கல்லை அடுக்கிலிருந்து எடுத்ததாக எழுதாதீர்கள்

சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, தில்லி மயூர் விஹாரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், மூன்று இளைஞர்கள் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலிருந்து கொண்டுவந்த கற்களைப் பழைய செய்தித்தாளின்மேல் பரப்பி வைத்தார்கள். மூவரும் தமிழ்நாட்டில் நிலவியல் படித்துவிட்டு இங்கே ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள். உரிய அனுமதியோடு போய் டிரயாசிக் காலக் கடற்படிவுகளில் முதன்முறையாகச் சுத்தியல் பிடித்துத் திரும்பியிருந்தார்கள். கற்கள் நன்றாகவே இருந்தன. நான் முதலில் கையில் எடுத்த அம்மோனாய்டை, அதாவது சுருள் ஓடு கொண்ட கடற்பிராணியின் புதைபடிவத்தைக் காட்டி, இது எந்த அடுக்கு என்று கேட்டேன். “சரிவில் கிடந்தது சார், ஆனால் அதற்கு நேர் மேலே ஆறாம் அடுக்குதான் இருந்தது” என்று பதில் வந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ இதே சொற்களில், நானும் என் வழிகாட்டியிடம் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த விலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். உயரத்தில் மூச்சு வாங்கும், கல் உடைக்கும்போது கண்ணுக்குக் காப்பு வேண்டும் என்பவற்றையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

அரியலூர்க் கண்ணோடு இமயத்துக்குப் போவது

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் புதைபடிவம் என்றாலே அரியலூர்தான். அங்கே இருப்பவை டிரயாசிக்குக்கு வெகு பிந்தைய கிரெடேசியஸ் காலக் கடற்படிவுகள். அடுக்குகள் மெல்லச் சாய்ந்து கிடக்கின்றன. மழைநீர் அறுத்த ஓடைகளில் சிப்பியும், அம்மோனாய்டுகளில் பிந்தைய வகையான அம்மோனைட்டும் தாமாகவே வெளியே வந்து கிடக்கும்; அப்படிக் கிடப்பவை பெரும்பாலும் தம் அடுக்கைவிட்டு அதிக தூரம் போயிருக்காது. ஆகவே குனிந்து பொறுக்குவதே அங்கே ஒரு முறையாகப் பழகிவிடுகிறது.

ஸ்பிதியில் அந்தப் பழக்கம் உதவாது. ஏறத்தாழ 25.19 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 20.14 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த டிரயாசிக் காலத்தில், டெத்திஸ் கடலின் தென்கரையில் சேறாகவும் சுண்ணாம்பாகவும் படிந்தவை, பின்னர் இமயம் எழும்போது மடங்கி, சில இடங்களில் தலைகீழாகவே புரண்டு கிடக்கின்றன. சரிவில் கிடக்கும் கல் பத்து மீட்டர் மேலிருந்தும் வந்திருக்கலாம், முந்நூறு மீட்டர் மேலிருந்தும் வந்திருக்கலாம்.

தென்னிந்தியக் கிரெடேசியஸ் அம்மோனைட்டுகளை விரிவாக வருணித்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவே 1864-இல் ஸ்பிதிக்குச் சென்று, மூத், குலிங், லிலாங் என்ற ஊர்ப்பெயர்களால் அங்குள்ள பாறைத் தொகுதிகளைப் பிரித்துக் காட்டியவர். இரண்டு நிலங்களின் கற்களையும் ஒரே மனிதர் கையாண்டிருக்கிறார் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அவர் 1874-இல் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரத்தைத் தாங்காமல் இறந்துபோனார்.

கண்ணும் கொஞ்சம் மாற வேண்டும். அரியலூர் அம்மோனைட்டில், உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் தையல்கோடு, பெரும்பாலும் கொத்தமல்லி இலையின் ஓரம்போல எல்லாப் பக்கமும் கிழிந்து கிடக்கும். டிரயாசிக்கில் அதிகம் காணும் செராட்டைட் வகையில், வாய்ப்பக்கம் நோக்கிய வளைவுகள் வழவழப்பாகவும், உட்பக்கம் நோக்கிய வளைவுகள் மட்டும் ரம்பப் பல்லாகவும் இருக்கும். இதை விதியாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது, ஏனெனில் மேல் டிரயாசிக்கின் பினாகோசெராஸில் தையல்கோடு எந்தக் கிரெடேசியஸ் அம்மோனைட்டையும் தோற்கடிக்கும் அளவுக்குச் சிக்கலானது.

உதிரிக்கல்

ஸ்பிதியில் பின் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் மூத் கிராமத்துக்கு அருகிலுள்ள பாறைமுகம் இந்தத் துறையில் புகழ்பெற்றது. கீழ் டிரயாசிக்கின் இரண்டு கட்டங்களான இண்டுவனுக்கும் ஒலெனெக்கியனுக்கும் இடையிலான எல்லைக்கு, உலகளாவிய அளவுகோல் முகமாக வைக்கத்தக்கது என்று முன்மொழியப்பட்ட இடம் அது. கீழ் டிரயாசிக் முழுவதும் ஏறக்குறைய ஐம்பது லட்சம் ஆண்டுகள் நீடித்தது. அவ்வளவு காலத்தையும் அங்கே சில பத்து மீட்டர் கல்லுக்குள் படிக்க வேண்டும். படிவு அவ்வளவு மெதுவாகச் சேர்ந்ததால், ஒரு சாண் உயரம் தவறினாலும் பெரும் காலம் தவறிவிடும்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மூத்தில் இரண்டாம் நாள் பிற்பகல், காற்று கிளம்பியபின், கைரோனைட்டிஸ் என்ற அம்மோனாய்டு வரும் ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கின் விளிம்பில், உள்ளங்கை அகலமான ஃபிளெமிங்கைட்டிஸ் ஒன்று கிடந்தது. சுருளின் திசையிலேயே ஓடும் மெல்லிய வரிகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் விலாக்களும் அவ்வளவு தெளிவாக இருந்தன. அது அடுக்கோடு ஒட்டியிருக்கவில்லை, விளிம்பில் சாய்ந்துதான் கிடந்தது. நான் குறிப்பேட்டில் அடுக்கின் எண்ணை எழுதினேன்; ‘உதிரி’ என்ற மூன்றெழுத்தை எழுதவில்லை. ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. இரவு காஜாவில் தங்கியிருந்த அறையில் நண்பர்களிடம் விவரித்தபோது, உளி வைத்து அதைப் பெயர்த்தெடுத்ததாகவே சொன்னேன், அப்படித்தான் நடந்தது என்று நம்பவும் செய்தேன்.

இதனால் என்ன ஆனது என்றால், ஃபிளெமிங்கைட்டிஸ் ஒலெனெக்கியனின் தொடக்கப் பகுதிக்கு உரியது, கைரோனைட்டிஸோ அதற்குக் கீழே இண்டுவனுக்கு உரியது. என் குறிப்பேட்டின்படி ஒலெனெக்கியனின் விலங்கு இண்டுவனுக்குள் இறங்கிவிட்டது. ஒன்று அந்தப் பேரினத்தின் வாழ்நாள் நீள வேண்டும், அல்லது எல்லையே கீழே நகர வேண்டும். இளம் ஆய்வாளன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தின்பண்டம் கிடைக்காது. இரண்டு ஆண்டுகள், ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் முழுவதையும் அந்த ஒரே கல்லின்மேல் கட்டினேன்.

என் வழிகாட்டி அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் கல்லைக் கரைத்துப் பார்த்தாயா?” அம்மோனாய்டின் உள்ளறையில் அடைத்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டி அசிட்டிக் அமிலத்தில் இட்டு, மிஞ்சிய மண்ணை நுண்ணோக்கியின் கீழே துழாவியபோது, நியோஸ்பாதோடஸ் வாகெனி என்ற கானோடான்ட் (ஒரு கடற்பிராணியின் பல் போன்ற நுண்ணிய உறுப்பு) நாலைந்து கிடைத்தது. ஒலெனெக்கியனின் தொடக்கத்தைக் குறிக்க முன்மொழியப்பட்ட இனமே அதுதான். கைரோனைட்டிஸ் அடுக்கிலிருந்து நான் உண்மையாகவே உளிவைத்து எடுத்திருந்த கல்லைக் கரைத்தால், அதன் முன்னோடியான நியோஸ்பாதோடஸ் டீனேரி மட்டும் வந்தது. கல் மேலிருந்து உருண்டு வந்து, எனக்காகவே வைத்ததுபோல அந்த விளிம்பில் தங்கியிருக்கிறது. சில மீட்டர் மேலே ஏறிப் பார்த்திருந்தால், அதன் உடன்பிறப்புகள் அடுக்கிலேயே பதிந்திருப்பதை அன்றே கண்டிருப்பேன். அத்தியாயம் குப்பைக்குப் போனது. ஸ்பிதியில் வேலை செய்யத்தக்க கோடை மாதங்கள் கொஞ்சமே என்பதால், மறு ஆண்டு வரை காத்திருந்து, கைக்காசு செலவழித்துத் திரும்பவும் போனேன்.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் எரிச்சல் அடங்காததற்குக் காரணம், இந்தத் தவறு கல்லில் தெரிவதில்லை என்பதுதான். பெயரைத் தவறாக வைத்தால் இன்னொருவர் கல்லைப் பார்த்துத் திருத்திவிடுவார். இடத்தைத் தவறாக எழுதினால், கல்லைப் பார்க்கும் எவருக்கும் சந்தேகமே வராது. அன்று மாலை வந்த இளைஞர்களில் ஒருவர், “ஃபாசில் அதேதானே சார், எங்கே கிடந்தால் என்ன” என்றார். அவரை நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. அடுக்குகளுக்குக் கீழிருந்து மேலாக எண் கொடுத்து, எண்ணைக் குறிப்பேட்டு வரைபடத்திலும் புகைப்படத்திலும் காட்டுங்கள். உளி வைப்பதற்கு முன், கல் அடுக்கில் பதிந்திருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். பெயர்ப்பதற்கு முன் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றைக் கல்லில் போடுங்கள். தடித்த அடுக்கானால் அடிப்பகுதியையும் மேல்பகுதியையும் வேறு வேறு பைகளில் போடுங்கள், ஏனெனில் மெதுவாகச் சேர்ந்த அடுக்கில் ஒரே கல்லுக்குள் வெவ்வேறு காலத்து ஓடுகள் கலந்திருக்கக்கூடும். உதிரிக்கல்லை எறிய வேண்டாம். மேலே எதைத் தேடலாம் என்று அது காட்டும். வேறு நிறப் பையில் போட்டு, பையின் மேலும் உள்ளேயும் ‘உதிரி’ என்று எழுதுங்கள். ஓட்டைப் பளிச்சென்று காட்ட வேண்டும் என்ற ஆசையில் ஒட்டிய கல்லை முழுவதும் சுரண்டிவிடாதீர்கள். என்னைக் காட்டிக்கொடுத்ததும் பின்னர் காப்பாற்றியதும் அந்த ஒட்டுக்கல்தான்.

மேல் எது, கீழ் எது

மடிந்த அடுக்குகளில் கண்ணுக்கு மேலே இருப்பதுதான் இளையது என்று எண்ணிவிடுவார்கள். பாதி நிரம்பிய ஓடுகளைத் தேடுங்கள். அன்று சேறு ஓட்டுக்குள் பாதிவரை படிந்து, மீதி வெற்றிடத்தைப் பின்னர் வெள்ளைக் கால்சைட் படிகம் நிரப்பியிருக்கும். சேறு இருக்கும் பக்கம் அன்றைய கீழ்ப்பக்கம். அது இப்போது ஓட்டின் மேற்பக்கமாக இருந்தால் அடுக்கு புரண்டிருக்கிறது.

லாங்சாவின் சாளக்கிராமம்

லாங்சா கிராமத்துப் பக்கம் கிடைக்கும் கருப்பு உருண்டைக் கற்களுக்குள் இருக்கும் அம்மோனைட்டுகளைச் சுற்றுலா போய்வருவோர் வாங்கிவந்து டிரயாசிக் என்று காட்டுகிறார்கள். அவை ஸ்பிதி ஷேல் என்ற பிந்தைய பாறையில் வருபவை. மேல் ஜுராசிக்கும் கிரெடேசியஸின் தொடக்கமும் அவற்றின் காலம். நம் வைணவ வீடுகளில் பூஜையில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமங்களும் ஏறக்குறைய இதே வகைப் பாறையைச் சேர்ந்தவைதான். திருச்சாளக்கிராமத்துப் பெருமாளுக்கு வயது குறைந்துவிட்டதே என்று என் மாமியார் வருத்தப்பட்டார்.

துரு அடுக்கைக் கண்டதும் பேரழிவைக் கண்டதாக எழுதுவது

டிரயாசிக்குக்கு முந்தைய பெர்மியன் காலத்துக் கருப்பு ஷேல் முடிந்து டிரயாசிக் சுண்ணாம்பு தொடங்கும் இடத்தில், ஸ்பிதியில் செம்பழுப்பான மெல்லிய இரும்பு அடுக்கு ஒன்று ஓடுகிறது. அதற்குச் சற்று மேலேயே ஓட்டோசெராஸ் என்ற அம்மோனாய்டு வருகிறது. கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்த நிகழ்வின் கோடு இதுவே என்று சுட்டிக்காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தத் துரு, படிவு நின்றுபோன இடைவெளியின் அடையாளம். அழிவு நடந்த காலத்தின் பெரும்பகுதிக்கு அங்கே கல்லே இல்லை. அந்தக் காலத்தை விட்டுப்போகாமல் படிக்க வேண்டுமானால், சீனாவின் மெய்ஷானையோ ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள குர்யுல் ஓடையையோ பார்க்க வேண்டும். மெய்ஷானில்தான் 2001-இல் டிரயாசிக்கின் அடிக்கோடு முறைப்படி நிறுவப்பட்டது.

காது உடைந்த ஹாலோபியா

தாள்தாளாகப் பிரியும் ஷேலில், விசிறிபோல வரியோடிய மெல்லிய சிப்பிகள் நெருக்கமாகக் கிடக்கும். டவோனெல்லா என்றால் நடு டிரயாசிக், ஹாலோபியா என்றால் மேல் டிரயாசிக். இரண்டையும் பிரிப்பது, ஹாலோபியாவின் இரு ஓடுகளும் இணையும் கீல்கோட்டின் முன்முனையில் காதுபோல மடிந்திருக்கும் ஒரு சின்னப் பகுதி. கல்லை விரலால் பிளக்கும்போது முதலில் உடைவது அந்தக் காதுதான். உடைந்த துண்டில் காது இல்லை என்பதை வைத்து டவோனெல்லா என்று எழுதி, ஒரு மலைச்சரிவையே நடு டிரயாசிக்காக மாற்றிய வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன். கீல்கோடு முழுவதும் தெரியாத துண்டுக்குப் பெயர் வைக்காதீர்கள்.

வார்னிஷ்

பூசாதீர்கள்.

தில்லி ரிட்ஜில் பயிற்சி

தில்லிக்குள் ஓடும் அந்தக் குன்றுத்தொடரில் இருப்பது நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய குவார்ட்சைட் என்ற கடினப் பாறை. புதைபடிவம் கிடைக்காது, சுத்தியல்தான் திரும்பி வந்து அடிக்கும்.

அவசர அமிலம்

சுண்ணாம்புக்கல்லா என்று பார்க்க வயலில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவதைப் பழகியவர்கள், வீட்டுக்கு வந்து அதே அமிலத்தில் முழுக் கல்லையும் போட்டுவிடுகிறார்கள். கல் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். அதோடு கானோடான்ட்டும் கரைந்துவிடும், ஏனெனில் அந்த விலாங்கு போன்ற பிராணியின் பல் போன்ற உறுப்புகள் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. வந்திருந்த மூவரில் ஒருவர், ஐந்து அடுக்குகளில் கானோடான்ட் இல்லை என்று அட்டவணையே போட்டு வைத்திருந்தார். ஐந்தையும் இப்படித்தான் கரைத்திருக்கிறார்.

பத்து விழுக்காடு அசிட்டிக் அமிலம் போதும். அது நாள்கணக்கில், தில்லியின் ஜனவரியில் வாரக்கணக்கில் வேலை செய்யும். முன்பு ஒரு கல்லைக் கரைத்து முடித்த பழைய கரைசலில் கொஞ்சத்தை வடிகட்டிப் புது அமிலத்தோடு சேர்த்துக்கொண்டால், கானோடான்ட்டின் மேற்பரப்பு அரிக்கப்படாமல் இருக்கும். குளியலறையில் வைக்காதீர்கள், நெடி வீட்டைவிட்டுப் போகாது. அடுக்கு எண்ணை வாளியின் மூடியில் எழுதாமல் வாளியின் மேலேயே எழுதுங்கள். கழுவும்போது மூடிகள் மாறிவிடும்.