முப்பது டாலர் இயந்திரத்துக்கு அறுபத்தைந்து டாலர் பில்: வரி வரியாகப் படிப்பது எப்படி?

அமேசானின் கிளவுட் விலைப்பட்டியலில் டி3.மீடியம் என்ற மெய்நிகர் இயந்திரத்துக்கு (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினி) மணிக்கு 0.0416 டாலர் என்று போட்டிருக்கும். 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம், பெருக்கினால் 29.95 டாலர். கட்டுப்படியாகும் என்று எடுத்து ஓடவிடுகிறோம். மாதம் முடிந்து பில்லைத் திறந்தால் 65.55 டாலர். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வீடு பார்க்கப் போனவர் வாடகையை மட்டும் விசாரித்துவிட்டு, பராமரிப்புக் கட்டணத்தையும் மோட்டார் கரண்ட்டையும் தண்ணீர் லாரிக் காசையும் கேட்காமல் திரும்பிய கதைதான்.

அந்த 65.55 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்போம். அமேசான் வெப் சர்வீசஸில் இயந்திரங்களை வாடகைக்குத் தரும் இசி2 சேவையை எடுத்துக்கொள்கிறேன். விலைகள் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா பிராந்தியத்தில் (பிராந்தியம் என்பது தரவு மையங்கள் இருக்கும் பகுதி) லினக்ஸ் இயந்திரத்துக்கு உரியவை. மும்பை அல்லது ஹைதராபாத் பிராந்தியத்தில் தொகை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

படி 1: சரியான பக்கத்தைத் திறப்பது

கணக்குக்குள் நுழைந்து, பில்லிங் பகுதியில் ‘பில்ஸ்’ பக்கத்துக்குச் செல்லுங்கள். மேலே தெரியும் மொத்தத் தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம். கீழே சேவை வாரியாகப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு சேவையையும் விரித்தால் பிராந்தியம், அதையும் விரித்தால் தனித்தனி வரிகள். ஒவ்வொரு வரியிலும் அலகு விலை, பயன்படுத்திய அளவு, தொகை என மூன்றும் இருக்கும்.

பிராந்தியப் பெயர்களை முதலில் ஒரு முறை படித்துவிடுங்கள். இசி2 பக்கம் நீங்கள் தேர்ந்தெடுத்த பிராந்தியத்தின் இயந்திரங்களை மட்டும் காட்டும். பில் எல்லாவற்றையும் காட்டும். பயிற்சிக் காணொளி ஒன்றைப் பார்த்து ஒஹையோவில் தொடங்கிய இயந்திரம், மும்பைப் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

படி 2: ஓடிய நேரம்

‘எலாஸ்டிக் கம்ப்யூட் கிளவுட்’ (இசி2-இன் முழுப் பெயர்) என்ற தலைப்பின் கீழ், ஆன்-டிமாண்ட் (ஒப்பந்தம் இல்லாமல், ஓடிய நேரத்துக்கு மட்டும்) லினக்ஸ் டி3.மீடியம், 720 மணி நேரம், 29.95 டாலர் என்று ஒரு வரி இருக்கும். இதுதான் நாம் எதிர்பார்த்த வாடகை. 2017 அக்டோபர் முதல் லினக்ஸ் இயந்திரங்களுக்கு நொடிக் கணக்கில்தான் கட்டணம். தொடங்கினால் குறைந்தபட்சம் 60 நொடி. எனவே இரவில் தேவைப்படாத இயந்திரத்தை நிறுத்தி வைத்தால் இந்த வரி உண்மையாகவே குறையும்.

மணிநேர அளவு 1,440 என்று இருந்தால், ஒரே வகையில் இரண்டு இயந்திரங்கள் மாதம் முழுவதும் ஓடியிருக்கின்றன என்று பொருள். தொகையைவிட மணிநேரத்தை முதலில் பார்ப்பது நல்ல பழக்கம்.

டி வகை இயந்திரங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. டி3.மீடியத்தில் இரண்டு விசிபியு (மெய்நிகர் செயலி) இருந்தாலும், விலையில் அடங்கியது ஒவ்வொன்றிலும் 20 சதவீத வேகம் மட்டுமே. சும்மா இருக்கும்போது, அந்த வேகத்தைத் தாண்டி ஓடுவதற்கான கிரெடிட் சேரும்; வேலை வரும்போது செலவாகும். டி3-இல் ‘அன்லிமிடெட்’ முறை இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால், கிரெடிட் தீர்ந்தாலும் இயந்திரம் வேகம் குறையாமல் ஓடும்; கூடுதலாகும் ஒவ்வொரு விசிபியு-மணி நேரத்துக்கும் 0.05 டாலர் ஏறும். இரண்டு விசிபியுவும் இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடினால், மீதி 80 சதவீதத்துக்கு மணிக்கு 0.08 டாலர். வாடகையே 0.0416 தான், மேல்செலவு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! ‘சிபியு கிரெடிட்ஸ்’ என்ற வரி உங்கள் பில்லில் இருந்தால், உங்கள் வேலைக்கு டி வகை பொருந்தாமல் இருக்கலாம். கிரெடிட் கணக்கு இல்லாத எம் அல்லது சி வகைகளின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் உதாரணத்தில் அந்த வரி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: டிஸ்க்

அதே தலைப்பின் கீழ் ‘இபிஎஸ்’ (இயந்திரத்தோடு இணைக்கும் டிஸ்க் சேவை) என்ற பிரிவு இருக்கும். நம் இயந்திரத்தோடு 50 ஜிபி அளவுள்ள, ‘gp3’ என்ற வகை டிஸ்க் இணைந்திருக்கிறது. ஒரு ஜிபி-மாதத்துக்கு 0.08 டாலர் வீதம் 4 டாலர். ஜிபி-மாதம் என்ற அலகு புதியவர்களைக் குழப்பும். 50 ஜிபி டிஸ்க்கைப் பாதி மாதம் வைத்திருந்தால் 25 ஜிபி-மாதம், அவ்வளவுதான். டிஸ்க்கில் எவ்வளவு நிரப்பினீர்கள் என்பது கணக்கில் வராது; எவ்வளவு கேட்டு வாங்கினீர்கள் என்பதற்குத்தான் காசு.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இயந்திரத்தை ‘ஸ்டாப்’ செய்தால் மணிநேரக் கட்டணம் நிற்கும், டிஸ்க் கட்டணம் நிற்காது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் உள்ளே சாமான் இருக்கிறதே! ‘டெர்மினேட்’ (நிரந்தரமாக நீக்குவது) செய்தாலும் முழு நிம்மதி இல்லை. இயங்குதளம் உள்ள முதன்மை டிஸ்க் வழக்கமாக இயந்திரத்தோடு அழியும். பின்னர் நீங்களாகச் சேர்த்த டிஸ்க்குகள் பெரும்பாலும் அழியாமல் தங்கிவிடும். ‘வால்யூம்ஸ்’ பக்கத்தில் ‘அவைலபிள்’ என்ற நிலையில் இருப்பவை எந்த இயந்திரத்தோடும் சேராமல் தனியே கிடப்பவை. எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்களுக்கும் (டிஸ்க்கின் நகல்கள்) தனியாக ஜிபி-மாதக் கட்டணம் உண்டு. டிஸ்க்கை அழித்தால் அவையும் கூடவே போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

படி 4: ஐபி முகவரி

பலரும் தவறவிடும் வரி இது, ஏனென்றால் இது இசி2 தலைப்பின் கீழ் இல்லை. ‘விர்ச்சுவல் பிரைவேட் கிளவுட்’ என்ற வேறு தலைப்பில் உட்கார்ந்திருக்கும். 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்திலிருந்து இயந்திரத்தை அடைய உதவும் எண்) மணிக்கு 0.005 டாலர். 720 மணி நேரத்துக்கு 3.60 டாலர். அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பலவற்றில், ஓடும் இயந்திரத்தோடு இணைந்த முகவரி இலவசம் என்று இருக்கும். அந்தக் காலம் போய்விட்டது.

தானாக வழங்கப்பட்ட முகவரி, இயந்திரத்தை நிறுத்தியதும் போய்விடும். நீங்களாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் நிலையான முகவரியான எலாஸ்டிக் ஐபி அப்படியல்ல. நீங்கள் ‘ரிலீஸ்’ செய்யும்வரை மீட்டர் ஓடும். நம் இயந்திரத்தை மாதம் முழுவதும் நிறுத்தியே வைத்து, எலாஸ்டிக் ஐபியை மட்டும் விடாமல் வைத்திருந்தால், டிஸ்க்குக்கு 4, முகவரிக்கு 3.60 என்று 7.60 டாலர் வரும்.

படி 5: வெளியே போன தரவு

இணையத்திலிருந்து உள்ளே வருவதற்குக் கட்டணம் இல்லை. வெளியே போவதில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதன் பிறகு ஜிபிக்கு 0.09 டாலர். நம் இயந்திரத்தில் ஓடும் இணையதளம் படங்களும் கோப்புகளுமாக 300 ஜிபி அனுப்பியிருக்கிறது. 200 ஜிபிக்கு 18 டாலர். இயந்திர வாடகையில் பாதிக்கும் மேல்! ‘டேட்டா டிரான்ஸ்ஃபர்’ என்ற தனித் தலைப்பில் இது இருக்கும். நான் யாருடைய பில்லைப் பார்த்தாலும் முதலில் விரித்துப் பார்ப்பது இதைத்தான். மற்ற வரிகள் நாம் வாங்கிய பொருளின் அளவோடு நின்றுவிடும். இது தளத்துக்கு வரும் கூட்டத்தைப் பொறுத்து ஏறும். ஒரே பிராந்தியத்தில், வேறு வேறு அவைலபிலிட்டி ஸோன்களில் (பிராந்தியத்துக்குள் தனித்தனியான தரவு மையத் தொகுதிகள்) உள்ள இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொண்டாலும் ஒவ்வொரு திசைக்கும் ஜிபிக்கு 0.01 டாலர் உண்டு. சிறு தளத்துக்கு அது பொருட்டல்ல.

படி 6: கூட்டிப் பார்ப்பது

29.95, 4, 3.60, 18. மொத்தம் 55.55 டாலர். இந்திய முகவரியில் உள்ள கணக்கென்றால் 18 சதவீத ஜிஎஸ்டி 10 டாலர். ஆகமொத்தம் 65.55.

நீண்டகால ஒப்பந்தம் போட்டால் விலை குறையும் என்று சேவிங்ஸ் பிளான் பரிந்துரை உங்கள் திரையில் வந்து நிற்கும். அது ஓராண்டு அல்லது மூன்றாண்டுக் கடப்பாடு. இயந்திரத்தை நிறுத்தினாலும் கட்ட வேண்டும். மேலும் அது தொடுவது படி 2-இன் வரியை மட்டுமே. டிஸ்க்கும் முகவரியும் தரவும் அப்படியே இருக்கும். மூன்று மாத பில்லையாவது பார்த்த பிறகு யோசியுங்கள்.

படி 7: அடுத்த மாதத்துக்கு

‘பட்ஜெட்ஸ்’ பக்கத்தில் ஒரு மாத வரம்பை வைத்து, 50 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் மின்னஞ்சல் வரும்படி அமையுங்கள். அந்த மின்னஞ்சல் தகவல் மட்டுமே சொல்லும், இயந்திரத்தை நிறுத்தாது. பிறகு ‘காஸ்ட் எக்ஸ்ப்ளோரர்’ பக்கத்தில் ‘யூசேஜ் டைப்’ (பயன்பாட்டு வகை) வாரியாக, நாள் கணக்கில் பிரித்துப் பாருங்கள். நீங்கள் எதையாவது அழித்திருந்தால், அதன் வரி குறைந்திருக்கிறதா என்று மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் இங்கேயே தெரிந்துவிடும். மாதக் கடைசி வரை காத்திருக்கத் தேவையில்லை.