ரவுணுக்கும் கலியாண வீட்டுக்கும் உடுப்புத் தெரிவு செய்வது எப்படி? – யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகத் தொடங்குபவர்களுக்கு

உடுப்பு வாங்கப் போகிற பலர் கடைக்குள் கால் வைத்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். கண்ணாடி அலுமாரிக்குள் மினுங்குவது கையில் ஏறுகிறது, காசு போகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அதைப் போட்டுக்கொண்டு போக ஒரு இடமும் இல்லை. கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்தால், இருக்கிற உடுப்புகளிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: போகிற நாளை ஒரு துண்டில் எழுதுங்கள்

நான்கு கேள்விகள் போதும். எத்தனை மணிக்கு, எத்தனை மணித்தியாலம்? எதில் போகிறீர்கள்: ஸ்கூட்டியா, மோட்டார் சைக்கிளா, ஓட்டோவா, பஸ்ஸா? இருக்கிற இடம் ஏசியா, வெயிலா, காற்றா? செருப்பைக் கழற்ற வேண்டி வருமா?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். கோயில், கலியாண மண்டபத்து மணவறைப் பக்கம், உறவினர் வீடு என்று நமது ஊரில் ஒரு நாளில் நான்கு தரம் செருப்புக் கழற்றுவோம். பக்கிள் வைத்த ஹீல்ஸும் கயிறு கட்டும் சப்பாத்தும் அங்கே உபத்திரவம். கழற்றியதும் இன்னொரு சிக்கல்: இரண்டு அங்குல ஹீல்ஸுக்கு அளந்து உடுத்த சாறி நிலத்தில் கூட்டிக்கொண்டு வரும்.

வாகனமும் அப்படித்தான். ஸ்கூட்டி ஓடுபவருக்கு இறுக்கமான நேர்ப்பாவாடை சரிவராது. பக்க வெட்டு உயரமாக இருக்கிற குர்தாவும் நேர்வெட்டுக் காற்சட்டையும் நல்லது. சோலை, அதாவது துப்பட்டாவை, தோளில் தொங்கவிடாமல் மார்புக்குக் குறுக்கே எடுத்து இடுப்புப் பக்கம் முடிந்துவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டில் இருந்து போகிறவர்கள் சாறித் தலைப்பை முன்பக்கமாக இழுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பின் சில்லில் சிக்கினால் சாறி கிழிவதோடு மட்டும் நிற்காது, ஆளையே இழுத்து விழுத்தும்.

படி 2: துணியைக் கையால் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் பெரும்பகுதி புழுக்கம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. நடு ஆண்டில் சோளகம் அடிக்கும்போது கோட்டைச் சுவரிலும் பண்ணைப் பாலத்திலும் மெல்லிய சுற்றுப்பாவாடை தலைக்கு மேலே போகும். ஆகவே நிறத்தையும் டிசைனையும் பார்க்க முதல் துணியைப் பார்க்க வேண்டும்.

பகல் வெயிலுக்குக் கொட்டன், லினன், கைத்தறி. லினன் கசங்கும்தான், ஆனால் அந்தக் கசங்கல் அசிங்கமாகத் தெரியாது. ரேயோன் குளிர்ச்சி, விழுகையும் அழகு. முதல் தோய்ப்பில் நீளம் குறைவதுதான் அதன் குணம், அதனால் ஒரு அங்குலம் கூடுதலாக வாங்குங்கள். முழுப் பொலியெஸ்டர் உடுப்பைப் பகல் 11 மணிக்கு ரவுணுக்குப் போட்டுக்கொண்டு போவது வீண் வேதனை; வியர்வையை உறிஞ்சாது, மணமும் பிடிக்கும். இரவு ஏசி மண்டபத்துக்கு அதே பொலியெஸ்டர் ஜோர்ஜெற் பரவாயில்லை.

கடையில் செய்யக்கூடிய மூன்று சோதனைகள்:

கசக்கல்: ஒரு மூலையைக் கையில் பொத்தி பத்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். கூரான மடிப்பு அப்படியே நின்றால், பஸ்ஸில் இருந்து எழும்பும்போதும் அப்படித்தான் இருக்கும்.

வெளிச்சம்: துணிக்குப் பின்னால் உங்கள் கையை விரித்து வையுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் உள்ளே லைனிங் வேண்டும். லைனிங்கும் கொட்டனாக இருக்கட்டும். மேலே கொட்டன், உள்ளே பொலியெஸ்டர் லைனிங் என்றால் கொட்டன் வாங்கியதன் பலன் போய்விட்டது.

சாயம்: ஈரமான வெள்ளைக் கைலேஞ்சியால் உட்பக்கத் தையலோரத்தைத் தேய்த்துப் பாருங்கள். கடுஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றிலும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உப்புத் தண்ணியில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். எல்லாச் சாயத்துக்கும் அது பலிக்காது.

பட்டு என்று சொல்லி விற்பதைச் சந்தேகப்பட்டால், தலைப்பு ஓரத்துக் குஞ்சத்தில் இரண்டு நூலை மட்டும் எடுத்து, கடைக்கு வெளியே பற்றவைத்துப் பாருங்கள். உண்மைப் பட்டு மயிர் பொசுங்கும் மணத்தோடு எரிந்து, விரலில் நொறுங்கும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த, கெட்டியான மணியாக உறையும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நல்ல பட்டு விற்கிறவர் மறுக்கமாட்டார்.

படி 3: அளவு

விலை கூடின உடுப்பைவிட அளவான உடுப்புத்தான் ஆளை எடுப்பாகக் காட்டும். இதில் நேரம் செலவழியுங்கள்.

ஆண்களின் சேர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது தோள்தையல். அது தோள் எலும்பு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். கைப்பக்கம் ஒரு அங்குலம் இறங்கினால் அண்ணனின் சேர்ட் போலத் தெரியும். நெஞ்சும் இடுப்பும் பெரிதென்றால் ரெய்லர் பிடித்துத் தருவார். தோளைச் சரிசெய்வதென்றால் கையையே கழற்றித் தைக்க வேண்டும். அதனால் தோளுக்குப் பொருந்துகிற சைஸை வாங்கி மற்றதைப் பிடிக்கச் சொல்லுங்கள். கொலரைப் பூட்டினால் கழுத்துக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் போக வேண்டும். கதிரையில் இருந்து பாருங்கள்: பொத்தான்களுக்கு இடையே வாய் பிளந்தால் ஒரு சைஸ் சிறிது. வெளியே விட்டுப் போடுகிற சேர்ட் பின்பொக்கெற்றின் நடுவோடு முடிந்தால் போதும். நீளக்காற்சட்டை சப்பாத்தின் மேல் ஒரே ஒரு மடிப்பாக விழட்டும். அதற்குமேல் சுருண்டால் வெட்டித் தைக்கக் கொடுங்கள்.

பெண்களின் பிளவுஸில் பெரும்பாலும் பிழைப்பது கைக்குழி. கையைத் தூக்கினால் பிளவுஸ் முழுவதும் மேலே ஏறுகிறதா? பலர் “கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டுங்கோ அக்கா” என்று சொல்வார்கள். அது பிழை. கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது உடலையும் சேர்த்து இழுக்கும். அக்குளுக்குக் கிட்ட, உயரமாக வெட்டிய கைக்குழியும் சற்று அகலமான கையும்தான் தூக்குவதற்கு இடம் தரும். அக்குளுக்கு முன்னால் நெஞ்சில் சரிந்த சுருக்கம் விழுந்தால் அங்கே இறுக்கம் என்று அர்த்தம்.

தைக்கக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். கொட்டன் துணியையும் லைனிங்கையும் இரவு முழுக்கத் தண்ணியில் ஊறப்போட்டு, காயவைத்து, அயன் பண்ணிய பிறகுதான் வெட்ட வேண்டும். பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலத் துணி விட்டுத் தைக்க வேண்டும். போட்டுப் பார்க்க ஒரு நாள் தர வேண்டும். குட்டைக் கைக்கு 80 சென்ரிமீற்றர் துணி பெரும்பாலும் காணும்; முழங்கை வரை கை வேண்டுமென்றால் ஒரு மீற்றர். சாறியோடு வருகிற பிளவுஸ் துண்டு பெரும்பாலும் 80 சென்ரிமீற்றர்தான், நீளக்கை ஆசைப்படுகிறவர்கள் வாங்க முதலே விரித்து அளந்து பாருங்கள்.

வைகாசி, ஆவணி, தை மாதங்களில் முகூர்த்தங்கள் நெருங்கி வரும், தைக்கிறவர்களிடம் துணி மலைபோலக் குவியும். விசேஷத்துக்கு மூன்று கிழமைக்கு முன் கொடுங்கள். அதற்குப் பிந்தினால் போட்டுப் பார்க்கவும் திருத்தவும் நேரம் இராது.

படி 4: ரவுணுக்கு ஒரு நாள்

ஒரு உதாரணம். பின்னேரம் 3 மணிக்கு ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கத்தில் படம், பிறகு கோட்டை, பண்ணையில் காற்று வாங்கல், கடைசியாக நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிரீம். ஏசி, வெயில், காற்று என்று எல்லாம் ஒரே நாளில் வருகிறது.

பெண்களுக்கு: முழங்காலுக்குச் சற்றுக் கீழே வருகிற கொட்டன் குர்தா, கணுக்காலோடு முடிகிற நேர்வெட்டுக் காற்சட்டை, தட்டைச் செருப்பு. சட்டைதான் வேண்டுமென்றால் கனமான துணியில் ஏ-லைன் வெட்டு. ஏசிக்கு மெல்லிய கொட்டன் சோல் ஒன்று பையில் இருந்தால் படத்தின் பிற்பாதியில் உதவும்.

ஆண்களுக்கு: அரைக்கை லினன் சேர்ட் அல்லது கொலர் வைத்த ரீசேட், கருநீல நீளக்காற்சட்டை. ஜீன்ஸ் என்றால் மெல்லியது. கோட்டைக்குள் கல்லும் சரிவும் உண்டு, வழுக்கும் அடி உள்ள சப்பாத்து வேண்டாம்.

வியர்வைக் கறை அதிகம் காட்டுவது சாம்பல் நிற ரீசேட். வெள்ளை, கருநீலம், சிறிய பூப்போட்ட துணி மூன்றும் மறைக்கும். இதைத் தெரிந்தும் கடைக்காரர்கள் சாம்பலைத்தான் முன்னால் தொங்கவிடுகிறார்கள்.

படி 5: விசேஷங்கள்

நல்லூர்த் திருவிழா 25 நாள். தேர் 24ஆம் நாள், தீர்த்தம் 25ஆம் நாள். அந்த நாட்களில் வெளிவீதி மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், சனம் நெரியும். ஆண்கள் சேர்ட்டையும் பெனியனையும் கழற்றித்தான் உள்ளே போகலாம். ஆகவே சேர்ட்டுக்குச் செலவழிக்காமல் வேட்டியைக் கவனியுங்கள். நான்கு முழ வேட்டி நடக்க இலேசு. எட்டு முழம் நிற்கிறபோது எடுப்பு. உள்ளே பொக்கெற் வைத்த அரைக்காற்சட்டையும் மேலே ஒரு பெல்ற்றும் போட்டால் காசும் போனும் பத்திரம், நெரிசலில் வேட்டி அவிழுமோ என்ற பயமும் இல்லை. பெண்கள் தேரன்று பட்டு உடுத்துவது வழமைதான், என்றாலும் வெயிலில் மணிக்கணக்காக நிற்பதற்குக் கைத்தறிச் சாறி எவ்வளவோ மேல். தங்கச் சங்கிலியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

கலியாண வீடு. கூறைச் சேலை மணப்பெண்ணுக்கு. கூறை பெரும்பாலும் அரக்குச் சிவப்பில் தங்கச் சரிகையோடு வரும், அதனால் விருந்தாளி அந்த நிறத்தை விட்டு மாம்பழ மஞ்சள், மயில் நீலம், இலைப்பச்சை, கத்தரிப்பூ என்று போகலாம். ஆண்களுக்குப் பட்டுவேட்டியும் வெளிர் நிறச் சேர்ட்டும். வேட்டிக்கரையில் உள்ள நிறம் சேர்ட்டில் எங்காவது இருந்தால் பொருத்தம் தானாக வரும். சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் இவ்வளவு கனம் தேவையில்லை. செத்தவீட்டுக்கு வெள்ளை அல்லது வெளிர் கொட்டன் ஒன்று எப்போதும் அயன் பண்ணி அலுமாரியில் தனியாக இருக்கட்டும், அந்தநேரம் தேடமுடியாது.

சாறி புதிதாக உடுக்கிறவர்களுக்கு: சாறி ஏறக்குறைய 5.5 மீற்றர். முதலில் போகும்போது போடப்போகிற செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்பாவாடையை எந்த உயரத்தில் முடிகிறீர்களோ அந்த உயரத்தில்தான் சாறி நிற்கும். தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உறுதியாக. நாடா தளர்ந்தால் பின்பக்கம் இறங்கும். முதல் சுற்று நிலத்தைத் தொட்டும் தொடாமலும் வரட்டும். பிறகு தலைப்பை எடுத்துத் தோளில் தற்காலிகமாக ஊசி குத்திவிட்டு, நடுவில் மிஞ்சுவதை ஐந்து அங்குல அகலத்தில் ஐந்து முதல் ஏழு மடிப்பாக எடுங்கள். மடிப்பின் அடி ஓரங்கள் சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே செருக வேண்டும். அடி ஏறி இறங்கி நின்றால், மேலே எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் எடுபடாது. மெல்லிய பட்டில் ஊசி குத்தும்போது சிறிய மணியோ பொத்தானோ ஊசியில் கோத்துக் குத்தினால் ஊசியின் சுருளில் நூல் சிக்கி இழுபடாது.

படி 6: நிறம்

கடை விளக்குக்குக் கீழே நிறம் தீர்மானிக்க வேண்டாம். துணியை வாசலுக்குக் கொண்டுபோய் முகத்துக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கண்ணுக்கு முதல் முகம் தெரிந்தால் எடுங்கள், துணி தெரிந்தால் வையுங்கள். “எங்கட நிறத்துக்கு இது எடுக்காது” என்கிற பேச்சை நம்பாதீர்கள். கறுவலான ஆளுக்குக் கடும் மஞ்சளும் செம்பருத்திச் சிவப்பும் எடுப்பதுபோல வேறு யாருக்கும் எடுக்காது. தங்கநகை கனமென்றால் துணியில் வேலைப்பாடு குறைவாக, துணி கனமென்றால் தோடு மட்டும்.

படி 7: இரண்டு நாளுக்கு முன் முழுதாகப் போட்டுப் பாருங்கள்

உள்ளாடையிலிருந்து செருப்பு வரை எல்லாவற்றையும் போட்டு, நிலத்தில் சப்பாணி கட்டி இருங்கள், சாப்பிடுவதுபோலக் குனியுங்கள், இரண்டு கையையும் தூக்குங்கள், படி ஏறுங்கள். பிறகு யாரையாவது பின்பக்கமிருந்து போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி காட்டாத உள்ளாடைக் கோடும் வெளியே தெரியும் லைனிங்கும் அதில் தெரியும். புதுச் செருப்பை வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் போட்டு நடந்து பாருங்கள்.

படி 8: வந்த பிறகு

குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. சவர்க்காரம் நுரைக்காமல் துணியில் படிந்து, வெள்ளை வேட்டி பழுப்பாகவும் கறுப்புச் சேர்ட் சாம்பல் பூத்தும் போவதற்குக் காரணம் அதுதான். சவர்க்காரத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். வோஷிங் பவுடரை அளவாகப் போட்டு, கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணிக்குக் கால் கோப்பை வினாகிரி விடுங்கள். மழைத் தண்ணி பிடிக்க வசதி இருந்தால் நல்ல வெள்ளைகளை அதில் தோய்க்கலாம். நிறத்துணியை உட்பக்கம் வெளியே வர நிழலில் காயப்போடுங்கள்.

பட்டுச் சாறியை உடனே மடித்து வைக்காமல் ஒரு இரவு காற்றில் தொங்கவிட்டு, பழைய வெள்ளைக் கொட்டன் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்ரிக் பை வேண்டாம், ஈரம் உள்ளே நின்று சரிகை கறுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மடிப்பு மாற்றாவிட்டால் சரிகை மடிப்போடு வெடிக்கும்.