இண்டெக்ஸ் போட்டும் குவெரி வேகமாகவில்லையா? பெரிய டேபிள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேபிளில் பத்தாயிரம் பதிவுகள் இருந்தபோது கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிய குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, பத்துக் கோடி ஆனதும் திணறுகிறது. உடனே ஓர் இண்டெக்ஸ் போடுகிறோம். பல சமயம் அதன் பிறகும் குவெரி அப்படியே கிடக்கிறது. சில சமயம் அந்தக் குவெரி பிழைத்துக்கொள்கிறது, ஆனால் டேபிளில் எழுதும் வேலை முழுவதும் மெதுவாகிவிடுகிறது.

இண்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்தி வைத்த ஒரு பட்டியல், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் 8 கிலோபைட் பக்கங்களாக, கிளைவிடும் ஒரு மரம்போல அது சேமிக்கப்படுகிறது. 8 பைட் எண் ஒன்றுக்கு இண்டெக்ஸ் போட்டால் ஒரு குறிப்புக்குச் சுமார் 20 பைட், ஒரு பக்கத்தில் 360க்கு மேற்பட்ட குறிப்புகள். இந்தக் கணக்கில் 10 கோடி பதிவுக்கு மரம் நான்கு அடுக்குதான் உயரும். நான்கு பக்கம் இண்டெக்ஸில், ஒரு பக்கம் டேபிளில் என்று ஐந்தே பக்கம் படித்தால் வேண்டிய பதிவு கைக்கு வந்துவிடும். மொத்த அளவு 2 கிகாபைட்டைத் தாண்டும் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். குவெரி கேட்கும் கேள்வி அந்த வரிசைக்குப் பொருந்தினால்தான் இந்த ஐந்து பக்கக் கணக்கு. பொருந்தாவிட்டால் பட்டியல் இருந்தும் பயனில்லை. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பொருத்தம் தவறுவதால் வருபவை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஆர்டர் டேபிளை வைத்துக்கொள்வோம். 10 கோடி பதிவுகள். வாடிக்கையாளர் எண், நிலை, கைபேசி எண், பதிவான நேரம், தொகை ஆகிய புலங்கள்.

பிளானைப் பார்க்காமல் இண்டெக்ஸ் போடுவது

குவெரியை ஓட்டத் தரவுத்தளம் வகுக்கும் திட்டமே பிளான், அதை வகுப்பது பிளானர். பிளானைப் பார்க்க, போஸ்ட்கிரெஸில் ‘எக்ஸ்பிளெய்ன்’ கட்டளையோடு ‘அனலைஸ்’, ‘பஃபர்ஸ்’ இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லிலும் 8.0.18 பதிப்பு முதல் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் உண்டு. மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, எத்தனை பதிவு வரும் என்று பிளானர் மதிப்பிட்டது, உண்மையில் வந்தது எத்தனை. இரண்டும் பத்து மடங்கு, நூறு மடங்கு விலகியிருந்தால் கோளாறு பெரும்பாலும் டேபிளைப் பற்றிப் பிளானர் வைத்திருக்கும் புள்ளிவிவரத்தில்தான். இரண்டாவது, ‘ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்’ என்ற வரி. 20 பதிவைத் தர 40 லட்சத்தைப் படித்து எறிந்திருந்தால், ஒன்று இண்டெக்ஸ் பயன்படவில்லை, அல்லது பயன்பட்டது தவறான இண்டெக்ஸ். மூன்றாவது, படித்த பக்கங்களின் எண்ணிக்கை. ஒரே குவெரி இரண்டாம் முறை ஓடும்போது பக்கங்கள் நினைவகத்தில் இருப்பதால் வேகமாகத் தெரியும். நேரத்தை மட்டும் பார்ப்பவர் அதை இண்டெக்ஸின் புண்ணியம் என்று நம்பிவிடுவார். பக்க எண்ணிக்கை அப்படி ஏமாற்றாது.

எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் குவெரியை உண்மையிலேயே ஓட்டும் என்பதை மறக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸில் டிலீட், அப்டேட் போன்றவற்றைச் சோதிக்கும்போது பிகின் போட்டுத் தொடங்கி ரோல்பேக்கில் முடியுங்கள், மாற்றங்கள் ரத்தாகிவிடும். மடிக்கணினியில் 500 பதிவு வைத்துச் சோதிப்பதும் வீண். அவ்வளவு சிறிய டேபிளை முழுதாகப் படிப்பதே மலிவு என்று பிளானர் முடிவெடுக்கும், அது சரியான முடிவும்கூட.

புலத்தை ஃபங்ஷனுக்குள் போடுவது

ஒரு நாளின் ஆர்டர்களை எடுக்க, பதிவான நேரத்தை ‘டேட்’ ஃபங்ஷனுக்குள் போட்டு ஒரு தேதியோடு ஒப்பிடுவது பலருக்கும் பழக்கம். இண்டெக்ஸில் இருப்பது நேரத்தின் வரிசை. ஃபங்ஷன் தரும் விடையின் வரிசை அங்கே இல்லை. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஃபங்ஷனை ஓட்டிப் பார்க்கிறது. இதையே ‘2025 மார்ச் 1 நள்ளிரவு அல்லது அதற்குப் பின், மார்ச் 2 நள்ளிரவுக்கு முன்’ என்று எல்லை கட்டிக் கேளுங்கள், இண்டெக்ஸ் உடனே பயன்படும். மேல் எல்லையை 23:59:59 என்று எழுதாதீர்கள். அந்தக் கடைசி ஒரு நொடிக்குள் விழுந்த ஆர்டர்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும்.

நேர மண்டலத்தையும் கவனியுங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், இந்திய நேரப்படி மார்ச் 1 காலை 5:30க்கு முன் வந்த ஆர்டர்கள் எல்லாம் பிப்ரவரி 28 கணக்கில் சேரும். எல்லைகளில் +05:30 என்று குறித்துவிட்டால் வேகமும் கிடைக்கும், கணக்கும் சரியாக இருக்கும். நேர மண்டலத்தோடு கூடிய புலத்தில் டேட் ஃபங்ஷனை வைத்தே இண்டெக்ஸ் போட முயன்றால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். செஷனின், அதாவது அந்த இணைப்பின், நேர மண்டலத்தைப் பொறுத்து விடை மாறுகிறது, மாறும் விடையை வரிசைப்படுத்தி வைக்க முடியாது என்பதே காரணம். மின்னஞ்சலைச் சிற்றெழுத்தாக்கித் தேடுவது போன்ற இடங்களில் ஃபங்ஷனுக்கே இண்டெக்ஸ் போடலாம். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி 8.0.13 முதல் இருக்கிறது.

வகை மாற்றம் இதே தவறின் கண்ணுக்குத் தெரியாத வடிவம். மைஎஸ்க்யூஎல்லில் கைபேசி எண் எழுத்துப் புலமாக இருக்க, குவெரியில் மேற்கோள் குறி இல்லாமல் எண்ணாக எழுதினால் இண்டெக்ஸ் பயன்படாது. '1', ' 1', '1a' என்ற எழுத்துகள் எல்லாமே 1 என்ற எண்ணுக்குச் சமமாகக் கருதப்படுவதால், எழுத்து வரிசையில் அவை எங்கெங்கோ கிடக்கும். போஸ்ட்கிரெஸில் பிக்இன்ட் (8 பைட் முழு எண்) புலத்தோடு நியூமெரிக் (தசம எண்) வகை மதிப்பை அனுப்பினாலும் இதே கதிதான். புலம் நியூமெரிக்காக மாற்றப்பட்டு இண்டெக்ஸ் ஒதுங்கிவிடும். குவெரி கருவியில் கையால் எழுதும்போது வேகமாகவும், நிரலிலிருந்து வரும்போது மெதுவாகவும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு டேபிளின் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்8எம்பி3, இன்னொன்றுடையது யூடிஎஃப்8எம்பி4 என்று இருந்தால், எழுத்துப் புலத்தை வைத்து இரண்டையும் ஜாயின் செய்யும்போதும் (இணைக்கும்போதும்) இது நடக்கும்.

பல புல இண்டெக்ஸில் வரிசை தவறுவது

அதிகம் இழப்பது இங்கேதான். குவெரி இப்படி என்று வையுங்கள்: குறிப்பிட்ட வாடிக்கையாளர், நிலை ‘பணம் செலுத்தியது’, கடந்த 30 நாள், புதியது மேலே வருமாறு முதல் 20.

சமம் என்று கேட்கும் புலங்கள் முன்னால், எல்லை கட்டிக் கேட்பதும் வரிசைப்படுத்துவதும் பின்னால். அதாவது வாடிக்கையாளர் எண், நிலை, பதிவான நேரம் என்ற வரிசை. இதில் அந்த வாடிக்கையாளரின் பணம் செலுத்திய ஆர்டர்கள் நேர வரிசையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். கடைசியிலிருந்து 20 குறிப்பைப் படித்ததும் வேலை முடிந்தது, தனியாக வரிசைப்படுத்தவும் தேவையில்லை. நேரத்தை முதலில் வைத்தால்? அந்த 30 நாளில் 40 லட்சம் ஆர்டர் வந்திருந்தால், எல்லா வாடிக்கையாளரின் குறிப்புகளும் கலந்து கிடக்கும் அந்த 40 லட்சத்துக்குள் நடக்க வேண்டும். முப்பது ஆர்டர் மட்டும் போட்ட வாடிக்கையாளருக்கும் அதே நடைதான்.

அதிக வேறுபாடு உள்ள புலத்தை எப்போதும் முதலில் வை என்று ஒரு விதி உலவுகிறது. அது அரை உண்மை. இரண்டு புலங்களையும் சமம் என்றே கேட்கும் குவெரிக்கு அவற்றில் எது முன்னால் இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். எதை முன்னால் வைத்தால் வேறு குவெரிகளுக்கும் இதே இண்டெக்ஸ் உதவும் என்று பார்த்துத் தீர்மானியுங்கள். வாடிக்கையாளர் எண் முன்னால் இருந்தால், அதை மட்டும் வைத்துத் தேடும் குவெரிக்கும் இது போதும். தனியாக வாடிக்கையாளர் எண்ணுக்கு இன்னோர் இண்டெக்ஸ் வைத்திருப்பது பெரும்பாலும் வீண் செலவு.

முதல் புலத்தைக் கேட்காத குவெரிக்கு என்ன ஆகும்? அகராதியில் மோனைச் சொற்களைத் தேடுவது எளிது, ஓரெழுத்தில் தொடங்குபவை ஒன்றாகவே இருக்கும். எதுகைச் சொற்கள் வேண்டுமென்றால் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். 1732இல் சதுரகராதி செய்த வீரமாமுனிவர் தொடைக்கென்று தனிப் பகுதியே வைத்தார். அதே சொற்களுக்கு இன்னொரு வரிசையில் இன்னொரு பட்டியல். நாம் இரண்டாவது இண்டெக்ஸ் போடுவதும் அதே காரணத்துக்குத்தான். மைஎஸ்க்யூஎல் 8.0.13, போஸ்ட்கிரெஸ் 18 முதல், முதல் புலத்தைத் தாண்டித் தேடும் ‘ஸ்கிப் ஸ்கேன்’ வந்திருக்கிறது. முதல் புலத்தில் நாலைந்து மதிப்பே இருந்தால் அது நன்றாக உதவும். லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களைத் தாண்டிக் குதிக்க அதை நம்ப முடியாது.

இறங்கு வரிசைக்கென்று தனி இண்டெக்ஸ் வேண்டியதில்லை, அதே மரத்தைப் பின்னாலிருந்து படிக்கலாம். ஒரு புலம் ஏறுவரிசை, இன்னொன்று இறங்குவரிசை என்று கலக்கும்போதுதான் இண்டெக்ஸிலும் அப்படியே குறிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முந்தைய பதிப்புகள் அந்தக் குறிப்பை ஏற்றுக்கொள்வதுபோல் காட்டிவிட்டுப் புறக்கணித்தன.

லைக் தேடல்

சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேட உதவுவது லைக், ‘இங்கே எதுவும் இருக்கலாம்’ என்பதற்கு அதில் விழுக்காட்டுக் குறி. ‘பட்டி’ என்று முடியும் ஊர்களைத் தேடும் குவெரியில் விழுக்காட்டுக் குறி முன்னால் நிற்கும். மேலே சொன்ன எதுகைச் சிக்கலேதான் இது, சாதாரண இண்டெக்ஸ் உதவாது. போஸ்ட்கிரெஸில், சொற்களை மும்மூன்று எழுத்தாக வெட்டி வைக்கும் டிரைகிராம் நீட்சியோடு ஜின் வகை இண்டெக்ஸ் போடலாம். முன்னொட்டுத் தேடலிலும் போஸ்ட்கிரெஸில் ஒரு கண்ணி உண்டு. தரவுத்தளம் ‘சி’ அல்லாத லொகேலில் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் மொழி அமைப்பில்) இருந்தால், சாதாரண இண்டெக்ஸ் முன்னொட்டு லைக்குக்குக்கூடப் பயன்படாது. ‘டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ்’ என்று குறித்து இண்டெக்ஸ் போட வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே மதிப்புள்ள புலத்துக்கு இண்டெக்ஸ்

ஆர்டர்களில் நூற்றுக்கு 98 ‘டெலிவரி ஆனது’ என்றால், அந்த மதிப்பைத் தேட இண்டெக்ஸ் எதற்கு? டேபிளை முழுதாகப் படிப்பதே மலிவு. மீதி இரண்டு விழுக்காட்டைத் தேடும் குவெரிதான் நாள் முழுக்க ஓடுகிறது என்றால், போஸ்ட்கிரெஸில் ‘நிலுவையில் உள்ளவை மட்டும்’ என்ற நிபந்தனையோடு பகுதி இண்டெக்ஸ் போடுங்கள். 10 கோடிக்குப் பதில் 20 லட்சம் குறிப்புகள். குவெரியிலும் அந்த நிபந்தனை நேரடியாக இருக்க வேண்டும். நிலையைத் தனி மதிப்பாக (பாராமீட்டர்) அனுப்பும், முன்கூட்டியே தயார் செய்த குவெரி (பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்), சில முறை ஓடியபின் பொதுப் பிளானுக்கு மாறலாம். வரப்போகும் மதிப்பு என்னவென்று அந்தப் பிளானுக்குத் தெரியாததால் பகுதி இண்டெக்ஸ் கைவிடப்படும். மைஎஸ்க்யூஎல்லில் பகுதி இண்டெக்ஸ் இல்லை.

எஸ்எஸ்டி வட்டில் இன்னொரு விஷயம். போஸ்ட்கிரெஸின் ‘ரேண்டம் பேஜ் காஸ்ட்’ 4 என்றே வரும், தொடர்ச்சியாகப் படிப்பதைவிடத் தாவிப் படிப்பது நான்கு மடங்கு செலவு என்று பொருள். எஸ்எஸ்டியில் பலரும் அதை 1.1க்குக் குறைக்கிறார்கள். இண்டெக்ஸ் இருந்தும் பிளானர் தயங்கினால் இதைப் பாருங்கள்.

எழுதும் செலவை மறப்பது

எட்டு இண்டெக்ஸ் உள்ள டேபிளில் ஒரு பதிவைச் சேர்த்தால் ஒன்பது இடங்களில் எழுத வேண்டும். அப்டேட்டில் இன்னும் நுட்பமான இழப்பு உண்டு. இண்டெக்ஸில் உள்ள எந்தப் புலமும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸ்களைத் தொடாமலேயே அப்டேட்டை முடிக்கும். ‘ஹாட் அப்டேட்’ என்பது இதுதான். ‘கடைசியாக மாற்றிய நேரம்’ என்ற புலத்தைப் பல ஃபிரேம்வொர்க்குகள் ஒவ்வொரு அப்டேட்டிலும் தாமாகவே மாற்றுகின்றன. அந்தப் புலத்துக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டால் அந்த டேபிளில் ஹாட் அப்டேட்டே நடக்காது. தொகையை மட்டும் மாற்றினாலும் எட்டு இண்டெக்ஸிலும் புதுக் குறிப்பு எழுதப்படும். உண்மையிலேயே தேவையா என்று இருமுறை யோசிக்க வேண்டிய இண்டெக்ஸ் இது.

பயன்படாதவற்றைக் கண்டுபிடிக்க, போஸ்ட்கிரெஸின் இண்டெக்ஸ் புள்ளிவிவர வியூவில் ஸ்கேன் எண்ணிக்கை இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் ‘சிஸ்’ ஸ்கீமாவில் பயன்படாத இண்டெக்ஸ்களுக்கென்றே ஒரு வியூ உண்டு. எண்ணிக்கை பூச்சியம் என்றதும் நீக்கிவிடாதீர்கள். அந்தக் கணக்கு ஒவ்வொரு சர்வருக்கும் தனி, அறிக்கைக் குவெரிகள் ரெப்ளிகா எனும் நகல் சர்வரில் ஓடினால் மூலச் சர்வரான பிரைமரியில் பூச்சியமே காட்டும். மாத இறுதியில் மட்டும் ஓடும் குவெரியும் இருக்கலாம். இரண்டு பதிவு ஒன்றாகிவிடாமல் காக்கும் யுனிக் இண்டெக்ஸ் ஒருமுறைகூடத் தேடப்படாமல் இருந்தாலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். மைஎஸ்க்யூஎல் 8.0இல் இண்டெக்ஸை ‘இன்விசிபிள்’ ஆக்கிச் சில வாரம் பார்த்துவிட்டு நீக்கலாம்.

மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில், பதிவை அடையாளம் காட்டும் பிரைமரி கீ பெரியதாக இருந்தால் மற்ற எல்லா இண்டெக்ஸும் பெரிதாகும், ஏனெனில் ஒவ்வொன்றும் அதைத் தன்னுள் சுமக்கிறது. தனித்த அடையாள எண்ணான யூயூஐடியை 36 எழுத்தாக வைக்காமல் 16 பைட் பைனரியாக வையுங்கள். கண்டபடி சிதறும் நான்காம் பதிப்புக்குப் பதில், நேர வரிசையில் வரும் ஏழாம் பதிப்பு நல்லது.

இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் ஃபாரின் கீயிலும் ஒரு வேறுபாடு உண்டு. இன்னோடிபி அதற்கு இண்டெக்ஸைத் தானே உருவாக்கும், போஸ்ட்கிரெஸ் உருவாக்காது. அங்கே வாடிக்கையாளர் எண்ணுக்கு இண்டெக்ஸ் இல்லாமல் வாடிக்கையாளர் ஒருவரை நீக்க முயன்றால், ஆர்டர் டேபிளின் 10 கோடி பதிவும் படிக்கப்படும்.

ஓடும் டேபிளில் நேரடியாக இண்டெக்ஸ் போடுவது

போஸ்ட்கிரெஸில் வெறும் ‘கிரியேட் இண்டெக்ஸ்’ கொடுத்தால் அது முடியும்வரை டேபிளில் யாரும் எழுத முடியாது. ‘கன்கரன்ட்லி’ சேர்த்தே கொடுங்கள். டேபிளை இருமுறை படிப்பதால் நேரம் கூடும், பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டும் டிரான்ஸாக்‌ஷன் பிளாக்குக்குள் ஓட்டவும் முடியாது. டேபிள் அமைப்பை மாற்ற உதவும் பல மைக்ரேஷன் கருவிகள் எல்லாவற்றையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் போர்த்துவதால், அதை அந்த மைக்ரேஷனுக்கு மட்டும் அணைக்க வேண்டும். எங்கோ திறந்து கிடக்கும் பழைய டிரான்ஸாக்‌ஷன் இருந்தால் அது முடியும்வரை காத்துக்கொண்டிருக்கும். நடுவில் தோற்றால் ‘இன்வேலிட்’ என்ற குறியோடு பாதி இண்டெக்ஸ் தங்கிவிடும். தேடலுக்கு அது உதவாது, ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் செலவு வாங்கும். நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இண்டெக்ஸ் கட்டப் பயன்படும் நினைவக அளவான ‘மெயின்டனன்ஸ் வொர்க் மெம்’ இயல்பாக 64 மெகாபைட்தான். நினைவகம் இருந்தால் அந்தச் செஷனுக்கு மட்டும் 1 கிகாபைட் கொடுத்துப் பாருங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இண்டெக்ஸ் உருவாகும்போது எழுத அனுமதி உண்டு. ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் டேபிளின் அமைப்பைப் பூட்டும் மெட்டாடேட்டா லாக் ஒன்று வேண்டும். நீண்ட டிரான்ஸாக்‌ஷன் ஒன்று அதைத் தடுத்தால், பின்னால் வரும் எல்லாக் குவெரிகளும் வரிசையில் நின்றுவிடும். அந்தப் பூட்டுக்குக் காத்திருக்கும் நேர எல்லையான ‘லாக் வெயிட் டைம்அவுட்’ இயல்பு மதிப்பு 3,15,36,000 நொடி, அதாவது ஓர் ஆண்டு. கட்டளைக்கு முன் அதை 5 நொடியாக்குங்கள், கிடைக்காவிட்டால் பிறகு முயலலாம்.

போட்டபின் கவனிக்காமல் விடுவது

போஸ்ட்கிரெஸில் டேபிளின் பத்து விழுக்காடு மாறினால்தான், பிளானரின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் தானியங்கி அனலைஸ் ஓடும். 10 கோடிக்கு அது ஒரு கோடி மாற்றம். அதுவரை பிளானர் பழைய கணக்கையே நம்பும். இந்த டேபிளுக்கு மட்டும் அந்த அளவை 0.01 ஆக்குங்கள். ஃபங்ஷன் இண்டெக்ஸ் போட்டதும் கையாலேயே ஒருமுறை அனலைஸ் ஓட்டுங்கள், அந்த விடைகளின் புள்ளிவிவரம் அதற்குப் பிறகுதான் உருவாகும். டேபிளைத் தொடாமல் இண்டெக்ஸிலிருந்தே விடை தரும் ‘இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன்’ பிளானில் தெரிந்தாலும், பக்கத்தில் ‘ஹீப் ஃபெட்சஸ்’ லட்சக்கணக்கில் இருந்தால் டேபிளையும் படித்திருக்கிறது என்று பொருள். பழைய பதிவுகளைத் துப்புரவு செய்யும் வேக்கம் ஓட்டிவிட்டு மறுபடி அதே பிளானைப் பாருங்கள், அந்த எண் பூச்சியத்தை நெருங்கும்.