ஐந்தை ஐந்தாக எண்ணாதீர்கள்

டேவ் புரூபெக் குவார்டெட் என்ற ஜாஸ் குழுவின் ‘டேக் ஃபைவ்’ (1959) கேட்டுக்கொண்டே கால் தட்டினால் சீக்கிரமே தட்டு விலகிவிடும். அது 5/4 தாளம், அதாவது ஒரு சுற்றுக்கு ஐந்து தட்டு. ஒன்று முதல் ஐந்து வரை ஒரே மூச்சில் எண்ணாமல் ‘ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு’ என்று உடைத்துக்கொள்ளுங்கள். ‘ஒன்று’ வரும் இடங்களில் மட்டும் கை தட்டினால் போதும். சாக்ஸஃபோன் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் முதலில் அதை விட்டுவிட்டு பியானோவைப் பிடியுங்கள். ஜோ மொரெல்லோவின் டிரம் சோலோவில்தான் (தனி வாசிப்பு) பலருக்கும் கணக்கு தவறும். அங்கேயும் பியானோ அந்த 3+2-ஐ விடாமல் வாசித்துக்கொண்டிருக்கும். கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) பழக்கம் இருந்தால் ‘தகிட தக’ என்று சொல்லிப் பாருங்கள், இன்னும் எளிது.

‘டேக் ஃபைவ்’ உள்ள அதே ஆல்பத்தின் ‘புளூ ரோண்டோ அ லா டர்க்’ 9/8, சுற்றுக்கு ஒன்பது எண்ணிக்கை. இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் புரூபெக் கேட்ட தாளம் அது. மும்மூன்றாக எண்ணினால் சரிவராது. மூன்று முறை 2+2+2+3, நான்காவது முறை மட்டும் 3+3+3.

அப்புறம் ராக் பக்கம் வந்தால் பிங்க் ஃபிளாய்டின் ‘மனி’ (1973) நல்ல பயிற்சி. பேஸ் கிட்டார் 7/4-இல் ஓடும். கிட்டார் சோலோ தொடங்கியதும் பாட்டு 4/4-க்கு மாறிவிடும். அங்கேயும் ஏழு எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.