போட்டி ரோபோவுக்கு வழுக்காத ஹப் அமைப்பது எப்படி

போட்டி நடுவில் எங்கள் ரோபோ திடீரென்று ஒரே இடத்தில் வட்டமடித்தது. வலது மோட்டார் ஓடுகிறது, வலது சக்கரம் நிற்கிறது. பிறகு கழற்றிப் பார்த்தால், சக்கரத்தைச் சுழற்றும் 8 மி.மீ. ஷாஃப்டைச் சுற்றி, கிரப் ஸ்க்ரூ என்ற தலையில்லாத திருகின் முனை கீறிய மெல்லிய வளையம். தடவினால் விரலில் குத்தும் பிசிறு. அந்தப் பிசிறில் சிக்கி, சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கும் ஹப் வெளியே வரவும் இல்லை. அன்றிலிருந்து ஹப்பைத்தான் முதலில் வரைகிறேன்.

கணக்கைத் தரையிலிருந்து தொடங்குங்கள். 15 கிலோ ரோபோவின் எடை சுமார் 147 நியூட்டன். ரப்பர் சக்கரத்தின் உராய்வுக் கெழு 1 என்று வைத்தால், ரோபோ தள்ளக்கூடிய விசையும் அவ்வளவுதான். அதற்கு மேல் சக்கரம் வழுக்கிவிடும். முழு எடையும் இரண்டு ஓட்டும் சக்கரங்கள் மேல் இருக்கிறது, சக்கர விட்டம் 100 மி.மீ. என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் 3.7 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்புவிசை) வரும்.

இந்த 3.7 எங்கே எப்படி உறைக்கிறது என்று பாருங்கள். சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் 6 போல்ட்டுகள் மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 31 நியூட்டன்தான். ஷாஃப்டின் மேற்பரப்பில் ஆரம் 4 மி.மீ.; அங்கே 925 நியூட்டன்! அத்தனையையும் ஒரு கிரப் ஸ்க்ரூவின் முனையில் ஏற்றியிருந்தேன். எதிராளி வந்து மோதினால் இன்னும் ஏறும்.

அறுகோண ஷாஃப்ட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். உருண்டை ஷாஃப்ட்தான் என்றால் கீ-வே என்ற பள்ளம் வெட்டி, அதில் கீ என்ற சிறு உலோகக் கட்டையைப் போடுங்கள். அதற்கும் வழியில்லையா? அரத்தால் ஒரு தட்டை முகம் ராவி, ஸ்க்ரூ அதில் அழுந்தி உட்காரும்படி செய்து, திருகு தளராமல் பிடிக்கும் நீல த்ரெட் லாக்கர் பசை ஒரு சொட்டு விடுங்கள். கூடவே பிளவு விட்டு இறுக்கும் கிளாம்ப் ஹப்பாக இருந்தால் நல்லது. ஷாஃப்டைப் பிடிக்கும் பகுதியின் நீளம், ஷாஃப்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். குட்டையாக இருந்தால் சக்கரம் தள்ளாடும்.

சக்கரத்தை கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையில் தொங்கவிடாதீர்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து, இருபுறமும் பேரிங் கொடுங்கள். 6 சக்கர ரோபோ என்றால் நடுச் சக்கரங்களை 3 மி.மீ. இறக்குங்கள், திரும்பும்போது இழுபறி குறையும்.

அப்புறம் கியர். 6000 ஆர்பிஎம் மோட்டாரை 12-க்கு 1 என்று குறைத்தால் சக்கரம் 500 சுற்று. வேகம் நொடிக்கு 2.6 மீட்டர். மோட்டாரிடம் கேட்பது 0.31 நியூட்டன் மீட்டர். ஸ்டால் டார்க், அதாவது மோட்டார் சுற்ற முடியாமல் நின்றுபோகும் டார்க், இதைப் போல இரு மடங்காவது இருக்கட்டும். கியரில் இழப்பு உண்டு என்பதால் நான் 0.8 பார்த்து எடுக்கிறேன். முட்டிக்கொண்டு நிற்கும்போது சக்கரம் வழுக்கட்டும், மோட்டார் நின்றுவிடக் கூடாது. நின்றால் கரண்ட் எகிறி, காயில் கருகும்.

எல்லாம் பூட்டியபின் ஷாஃப்ட் முனையிலிருந்து ஹப் வரை மார்க்கரால் ஒரே கோடு இழுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதைப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு முன் ஹப்பைக் கழற்ற வேண்டியதுதான்.